ஹீ-மேனின் அதே ஓட்டம்

மர ஸ்கேலை முதுகுப்பக்கமாகச் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். காலர் பட்டன் போட்டிருந்தால் உருவ வராது. மேல் பட்டன் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஸ்கேல் நுனியை விரல்களால் பற்றி, ஒரே இழுப்பில் உருவி, வானத்தைப் பார்த்து நீட்ட வேண்டும். நடுவில் துணியில் சிக்கிவிட்டால் அது செல்லாது. மறுபடி செருகி, மறுபடி முதலிலிருந்து. எங்கள் தெருவில் ஆறேழு பேர் சாயங்காலம் சாயங்காலம் இதைச் செய்தோம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒவ்வொன்றிலும் சென்டிமீட்டர் கோடுகள் வியர்வையில் அழிந்துபோயிருந்தன.

1980களின் பிற்பகுதி. பெரியகுளத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே டிவி, வாத்தியார் வீட்டு சாலிடேர். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வரும் தூர்தர்ஷன் அலையில்தான் ஹீ-மேன் எங்களிடம் வந்து சேர்ந்தான். அவன் பேசியதில் எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் கதையில் புரியாத இடம் என்று ஒன்றும் இருக்காது. இளவரசன் ஆடம் சோம்பேறிபோல நடிக்கிறான். மண்டையோட்டு முகமும் நீல உடம்புமாக ஸ்கெலிடார் ஏதோ சதி செய்கிறான். பயந்தாங்கொள்ளிப் பச்சைப் புலி ஒன்று கட்டிலுக்கடியில் ஒளியப் பார்க்கிறது. இளவரசன் முதுகிலிருந்து வாளை உருவி உயர்த்துகிறான், பின்னால் மண்டையோட்டு வாசல் வைத்த கோட்டை, மின்னல். அவ்வளவுதான். அவன் ஹீ-மேன். நடுங்கிய புலி சேணம் பூட்டிய போர்ப்புலி. இந்த இடம் வரும்போது வாத்தியார் வீட்டுத் திண்ணையில் யாரும் கண் சிமிட்ட மாட்டோம். ஒவ்வொரு முறையும் அது அதே படம், அதே மின்னல், அதே கோணம் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் காத்திருந்தோம்.

அந்த "அதே படம்" எதனால் அதே படமாக இருந்தது என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு அந்தத் தொடரின் மேல் இருந்த பிரியம் இன்னும் கூடியது.

முதலில் வந்தது பொம்மைதான். 'ஸ்டார் வார்ஸ்' பொம்மை உரிமம் தேடி வந்தபோது மேட்டல் நிறுவனம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதை எடுத்துக்கொண்ட கென்னர் நிறுவனம் பெரும் லாபம் பார்த்தது. அதன் பிறகு மேட்டல் தனக்கென்று ஒரு வீர உலகத்தை உருவாக்கி, 1982இல் ஐந்தரை அங்குல உயரப் பொம்மைகளாகக் கடைக்கு அனுப்பியது. அந்தப் பொம்மைகளின் பிறப்பிலேயே சிக்கனம் இருக்கிறது. பச்சைப் புலியை அதற்கென்று யாரும் வடிக்கவில்லை. 'பிக் ஜிம்' என்ற வேறொரு பெரிய பொம்மை வரிசைக்காகச் செய்த புலி வார்ப்பு கிடங்கில் இருந்தது. அதற்குப் பச்சையும் ஆரஞ்சு வரியும் பூசி, சேணம் கட்டினார்கள். ஐந்தரை அங்குல வீரனுக்கு அது அளவில் மிகப் பெரிது, ஆகவே அவன் அதன்மேல் ஏறி உட்காரலாம். போர்ப்புலி பிறந்தது இப்படித்தான். ஓர் உடம்பு வார்ப்புக்குத் தலையை மாற்றினால் புது வீரன். மிருகமனிதன் என்ற பொம்மையின் உடம்பில் பச்சைப் பஞ்சுத்தூள் ஒட்டி, பைன் மர வாசனை ஏற்றினால் 'மாஸ் மேன்', பாசி மனிதன். ஹீ-மேனுக்கே நீலம் பூசி, ஸ்கெலிடாரின் மார்புக் கவசத்தை மாட்டிவிட்டால் ஹீ-மேனைப்போல வேஷம் போட்ட போலி. இந்தியாவில் இவற்றை மேட்டல் உரிமத்தோடு லியோ நிறுவனம் தயாரித்து விற்றது. எங்கள் தெருவில் யாரும் வாங்கியதில்லை. மதுரையில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி.

பொம்மைக்குக் கதை வேண்டும் என்று மேட்டல் போனது ஃபில்மேஷன் என்ற படநிறுவனத்திடம். லாஸ் ஏஞ்சலஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், லூ ஷைமர் என்பவர் நடத்திய இடம் அது. 'ஸ்டார் ட்ரெக்'கை 1973இல் கார்ட்டூன் ஆக்கியவர்கள். 1983 செப்டம்பரில் ஹீ-மேன் அமெரிக்க நிலையங்களில் ஓடத் தொடங்கியது. அதுவரை அங்கே புது கார்ட்டூன் என்றால் சனிக்கிழமை காலை, பெரிய அலைவரிசைகள், வருஷத்துக்குப் பதின்மூன்று பதினாறு அத்தியாயம் என்பதுதான் வழக்கம். ஹீ-மேனோ பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை, ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு நேரடியாக விற்கப்பட்டது. வாரத்துக்கு ஐந்து, பதின்மூன்று வாரம், ஆக 65 அத்தியாயம் முதல் ஆண்டுக்கே தேவை. இரண்டாம் ஆண்டு இன்னும் 65. மொத்தம் 130.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்துப் பிடித்தாலும் வினாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். ஓர் அத்தியாயம் ஏறத்தாழ 22 நிமிடம். முழுதாக வரைந்தால் பதினைந்தாயிரத்துக்கும் மேலான படங்கள். அதை 65ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் செல் எனப்படும் கண்ணாடிபோன்ற தாள். முன்பக்கம் கறுப்புக் கோடு, பின்பக்கம் கையால் தடவிய வண்ணம். திருப்பிப் பார்த்தால் முகமே தெரியாது, மஞ்சளும் பழுப்புமாக ஒரு தேசப்படம்போல இருக்கும். முன்னால் திருப்பினால் அந்த மஞ்சள் தலைமுடியாகவும் பழுப்பு தோளாகவும் ஆகிவிடும்.

பத்து லட்சம் தாளை யாராலும் தீட்ட முடியாது. ஆகவே ஃபில்மேஷன் ஒரு காரியம் செய்தது. சில அசைவுகளை மட்டும் உயிரைக் கொடுத்து வரைந்தது. நிஜ மனிதர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டுப் படம் பிடித்து, அந்த ஃபிலிமின் மேல் கோடு இழுத்து வரைந்த அசைவுகள் அவை. ஹீ-மேன் ஓடுவது. ஹீ-மேன் தாவி உருள்வது. ஹீ-மேன் கேமராவை நோக்கியே குத்து விடுவது. வாளை உயர்த்துவது. இவற்றைக் கோப்பு போட்டு வைத்து, காட்டு அத்தியாயமானால் பின்னணியில் காடு, பனி அத்தியாயமானால் பனி. முன்னால் ஓடுகிறவன் அதே ஆள், அதே ஓட்டம். வலப்பக்கம் ஓட வேண்டுமா, படத்தை இடவலம் மாற்றிப் போடு.

படத்தைத் திருப்பும் இந்தப் பழக்கம் ஒரு பாத்திரத்தின் பெயரையே மாற்றியிருக்கிறது. முகம் தெரியாமல் தொப்பியும் துணியுமாக மிதக்கும் அந்தக் குட்டி மந்திரவாதிக்கு முதலில் வைத்த பெயர் கோர்ப்போ. மார்பில் ஓர் எழுத்து வேண்டும் என்றார்கள். ஆங்கில 'ஜி'யைப் போட்டால், படத்தைத் திருப்பும்போது எழுத்தும் இடவலம் மாறிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத எழுத்து 'ஓ'. அதனால் அவன் ஆர்கோ ஆனான். ஒரு வட்டம் மிச்சப்படுத்திய தாள்கள் எத்தனை ஆயிரமோ. அந்த ஆர்கோவுக்குக் குரல் கொடுத்ததும் முதலாளி லூ ஷைமர்தான். தன் குரலைச் சற்று வேகமாக்கிக் கீச்சிடவைத்தார். ஸ்கெலிடாரின் இழுவைக் குரல் ஆலன் ஓப்பன்ஹைமருடையது. அரண்மனை ஆயுதச்சாலைத் தலைவனும் பயந்த புலியும் அவரே. லிண்டா கேரி என்ற ஒரே பெண்மணி வீரப்பெண் டீலா, சூனியக்காரி ஈவில்-லின், கோட்டையைக் காக்கும் மந்திரப்பெண் மூவருக்கும் பேசினார். கதைப்படி டீலா அந்த மந்திரப்பெண்ணின் மகள், அது மகளுக்குத் தெரியாது. தாயும் மகளும் ஒரே தொண்டையிலிருந்து பேசிக்கொள்வதை இப்போது கேட்கும்போது எனக்கு நெஞ்சு இளகிவிடுகிறது. வேண்டும் என்று செய்தார்களோ இல்லையோ, அது பொருந்தியிருக்கிறது.

இந்தச் சிக்கனத்தைப் பலர் குறையாகச் சொல்வார்கள். மலிவு, அசையாத முகம், உதடு மட்டும் ஆடுகிறது என்பார்கள். டிஸ்னி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் உண்மைதான். ஆனால் எங்களுக்கு அது என்ன கொடுத்தது என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். தெருக்கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று ஆடி, பிறகு திரை விலகும் வரிசை ஒவ்வொரு இரவும் ஒன்றேதான். கரகத்தைத் தலையில் ஏற்றும் முன் தொட்டுக் கும்பிடும் வரிசையும் அப்படியே. மாறாமல் வருவதில்தான் பார்க்கிறவனுக்குப் பிடி கிடைக்கிறது. ஹீ-மேனின் ஓட்டமும் வாள் உயர்த்தலும் மாறாமல் வந்ததால் ஓர் ஆறு வயதுப் பையனால் அதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. எத்தனை டிகிரியில் கை போகிறது, எந்தக் கணத்தில் தலை நிமிர்கிறது எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். மொழி தெரியாத பிள்ளைகளுக்கு அந்த உடம்பசைவே மொழியாக இருந்தது.

இன்னொன்றும் அந்த விற்பனை முறையிலேயே அடங்கியிருந்தது. வாரம் ஐந்து நாள் ஓடும் தொடரை எந்தப் பிள்ளை எந்த நாள் பார்க்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நிலையம் வரிசையை மாற்றிக்கூடப் போடலாம். ஆகவே ஒவ்வொரு அத்தியாயமும் தன்னளவில் தொடங்கி, தன்னளவில் முடிய வேண்டும். தொடக்கக் காட்சியிலேயே ஆடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான், யார் நண்பன், யார் ரகசியம் அறிந்தவர் என்று சொல்லிவிடுகிறான். நேற்று பார்க்காதவன் இன்று வந்தால் ஒன்றும் குறையாது. அடுத்த வாரம் வராவிட்டாலும் பாதகமில்லை. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றுபோன வாரங்கள் எத்தனையோ, அம்மை போட்டு வீட்டுக்குள் கிடந்த பையன்கள் எத்தனையோ. எல்லாரும் திரும்பி வந்ததும் அதே திண்ணையில், அதே கதையில் இடம் இருந்தது.

அத்தியாயத்தின் கடைசியில் ஹீ-மேனோ டீலாவோ ஆர்கோவோ நேரே எங்களைப் பார்த்து நின்று அரை நிமிஷம் பேசுவார்கள். புத்தி சொல்கிறார்கள் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் ஆய்வாளராக இருந்த டொனால்டு ராபர்ட்ஸ் இந்தத் தொடருக்கு ஆலோசகர். ஹீ-மேனின் வாள் யாரையும் வெட்டுவதில்லை. கல்லைப் பிளக்கும், கதிரைத் திருப்பி அனுப்பும். எதிரியைத் தூக்கிச் சேற்றுக் குட்டையில் போடுவானே தவிர, மூக்கில் ரத்தம் வர அடிக்க மாட்டான். நாங்கள் ஸ்கேலால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதே இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஸ்கேல் உயர்வதற்கு மட்டும்தான்.

அமெரிக்காவில் இதை எதிர்த்தவர்களின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 'குழந்தைகள் தொலைக்காட்சிக்கான செயல்' என்ற பெற்றோர் அமைப்பை நடத்திய பெக்கி சாரன், அரை மணி நேர நிகழ்ச்சி முழுவதுமே பொம்மை விளம்பரம்தானே என்று கேட்டார். 1984இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த விளம்பர நேர வரம்பை எடுத்துவிட்டது. ஹீ-மேன் காட்டிய வழியில் பொம்மைக்காகவே பிறந்த கார்ட்டூன்கள் வரிசையாக வந்தன. 1990இல் சட்டம் போட்டுத்தான் வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம், வார நாளில் பன்னிரண்டு நிமிடம் என்று விளம்பரத்துக்கு மீண்டும் அணை கட்டினார்கள். சாரன் கேட்டது சரியான கேள்வி. வாங்கித் தரச்சொல்லி அழுத பிள்ளைகளும் வாங்கித்தர முடியாமல் தலைகுனிந்த பெற்றோரும் எந்த ஊரிலும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பொம்மையை விற்பதற்கென்று உட்காரவைக்கப்பட்ட எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்கள் வேலையை விற்பனையாக மட்டும் செய்யவில்லை என்பதும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. பிற்காலத்தில் பேட்மேன் கார்ட்டூனுக்காகப் பேரெடுத்த பால் டினி அங்கே எழுதப் பழகியவர். 'பாபிலோன் 5' தந்த மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியும் அப்படித்தான். ஆடமின் தாய் ராணி மார்லீனா பூமியிலிருந்து வந்து விழுந்த விண்வெளி வீராங்கனை என்று இவர்கள் கூடத்தில் ஒரு கதை உண்டு. பொம்மை விற்க அந்தக் கதை அவசியமே இல்லை.

படம் வரைந்த அந்தக் கைகள் போன கதையைச் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனங்கள் கூலி குறைவு என்று வரையும் வேலையைத் தைவானுக்கும் கொரியாவுக்கும் அனுப்ப ஆரம்பித்திருந்தன. 1982இல் ஹாலிவுட் அனிமேஷன் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள். ஃபில்மேஷன் மட்டும் பெரும்பாலும் அனுப்பாமல் இருந்தது. அதே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உள்ளூரில் கூலி கொடுத்துக் கட்டுப்படியாக வேண்டுமானால் எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டும். ஷைமர் படத்தில் மிச்சம் பிடித்தார், ஆட்களில் பிடிக்கவில்லை. என் சிறுவயதின் அந்த "அதே படம்" நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சொந்த ஊரிலேயே சோறு போட்ட படம்.

பொம்மை விற்பனை 1987இல் விழுந்தது. ஃபில்மேஷன் கைமாறியது, பிரான்சின் அழகுசாதன நிறுவனமான லோரியால் பின்னணியில் இருந்த குழு அதை வாங்கியது. 1989 பிப்ரவரி 3, ஒரு வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்தினார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றோடு வேலை இல்லை. ஆட்குறைப்புக்கு அறுபது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது மறுநாள், பிப்ரவரி 4.

இதற்குப் பிறகு 1990இலும் 2002இலும் ஹீ-மேனை மீண்டும் எழுப்பினார்கள். இரண்டும் நெடுநாள் நிற்கவில்லை.

மாற்றம் உண்மையில் பெரிதாக வந்தது சகோதரி வழியாக. 1985இல் ஃபில்மேஷனே ஹீ-மேனுக்கு ஷீ-ரா என்ற இரட்டைச் சகோதரியைத் தந்திருந்தது. கைக்குழந்தையிலேயே திருடப்பட்டு, எதிரிப் படையில் வளர்ந்து, பிறகு உண்மை அறிந்து வாளை எடுப்பவள். 93 அத்தியாயம். அற்புதமான கரு. ஆனால் அதில் வரும் பெண்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உடம்பு. பொம்மைகளுக்குத் தலைமுடி சீவிவிடச் சீப்பு. 2018 நவம்பரில் டிரீம்வொர்க்ஸ், நெட்ஃப்ளிக்ஸ் வழியாகப் புது ஷீ-ரா வந்தது. உருவாக்கியவர் என்.டி. ஸ்டீவன்சன் என்ற சித்திரக்கதைக்காரர். வரைந்தது கொரியாவில். ஒருத்தி குண்டு, ஒருத்தி நெட்டை, ஒருத்திக்குத் தோள் மல்லன்போல, ஷீ-ரா பாவாடைக்குள் அரைக்கால்சட்டை போட்டிருக்கிறாள். படங்கள் வெளியான உடனேயே இணையத்தில் சண்டை. அழகில்லை என்று கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. முழுத் தொடரும் பார்த்தேன், 52 அத்தியாயம், 2020 மே வரை. பழையதில் கேட்ரா பூனைமுகமூடி போட்ட வில்லி, அவ்வளவே. புதியதில் அவள், ஷீ-ராவாக மாறும் அடோராவோடு ஒரே கட்டிலில் வளர்ந்த தோழி. ஒருத்தி படையை விட்டுப் போகிறாள், மற்றவள் விடப்பட்டவளாக நிற்கிறாள். ஐந்து பருவமும் அந்த விட்டுப்போதலின் வலிதான், கடைசியில் அது காதல் என்று இருவரும் ஒப்புக்கொள்வதில் முடிகிறது. இவ்வளவு ஆழமாக ஹீ-மேன் எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு இது கிடைத்திருப்பது நல்லது என்று மனதாரச் சொல்வேன்.

ஹீ-மேனே திரும்பி வந்தது 2021இல், அதுவும் ஒரே வருஷத்தில் இரண்டு பேராக. ஜூலையில் வந்தது 'ரெவலேஷன்'. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள பவர்ஹவுஸ் தயாரித்தது. 1983ஆம் வருஷத்துக் கதையின் தொடர்ச்சி. யாருக்காக என்றால் அன்று பார்த்த பிள்ளைகளுக்காக, அதாவது நாற்பதைத் தாண்டிய எங்களுக்காக. ஸ்கெலிடாருக்குப் பேசியவர் மார்க் ஹாமில். எந்த 'ஸ்டார் வார்ஸ்' பொம்மையைக் கைவிட்டதால் ஹீ-மேன் பிறந்தானோ, அதன் கதாநாயகன். பழைய ஸ்கெலிடார் ஓப்பன்ஹைமர், தொண்ணூறு வயதையொட்டி, பாசி மனிதனாக வந்து பேசிவிட்டுப் போனார். முதல் அத்தியாயத்திலேயே ஹீ-மேன் செத்துப்போகிறான், டீலா கதையை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அதற்கும் சண்டை வந்தது. செப்டம்பரில் வந்தது சிறுவர்களுக்கான இன்னொரு ஹீ-மேன், முழுக்கக் கணினிப் படம். அதில் வாளின் சக்தி ஒருவனுக்கு மட்டும் போவதில்லை. டீலா, டங்கன் என்ற பையன், கிராஸ் என்ற பெண், புலி என்று கூட நிற்பவர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. பங்கிடும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அன்று ஒரே ஹீ-மேனைத்தான் வாத்தியாரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம், இடுப்பில் குழந்தையோடு வாசல்படியில் நின்ற அவர் மருமகளும் பார்த்தார். இப்போது என் வயதுக்கு ஒருவன், பிள்ளை வயதுக்கு ஒருவன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் வேறு வேறு ஹீ-மேனைத் தெரிந்து வைத்திருக்கிறோம். கடையிலும் அப்படியே. ஐந்தரை அங்குலத்தில் பழைய அச்சுபோலவே மேட்டல் இப்போது மீண்டும் பொம்மை விடுகிறது; அட்டையைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவர்கள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள்.

போன மே மாதம் அக்கா வீட்டுக்கு மதுரை போயிருந்தேன். அக்கா மகளுக்குப் பத்து வயது. ஷீ-ரா பார்த்திருக்கிறாள், அதில் வரும் ஒவ்வொருத்தி பெயரும் ஊரும் அவளுக்குத் தெரியும். பழைய ஹீ-மேன் யூடியூபில் இருக்கிறது, ஒன்று பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பார்க்கலாம் மாமா. எத்தனாவது எபிசோடுல இருந்து ஆரம்பிக்கணும்?"

"எது வேணாலும் போடு."

"நடுவுல இருந்தா? அப்ப முன்னாடி நடந்தது தெரியாதே."

"முன்னாடி எதுவும் நடக்கலடா கண்ணு. ஒவ்வொண்ணும் தனித்தனிக் கதை."

அவளால் அதை நம்ப முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் படிக்கட்டுகள். முதல் படி ஏறாமல் ஐந்தாம் படியில் கால் வைக்க முடியாது. ஒரு பருவம் முழுவதையும் ஒரே நாளில் இறக்கிவிடும் நெட்ஃப்ளிக்ஸ் போன்ற இடத்தில் கதை அப்படித்தான் கட்டப்படும்; அதனால்தான் கேட்ராவின் வலிக்கு ஐந்து பருவம் கிடைத்தது. எனக்கு அது தெரியும். இருந்தாலும் அவள் விரல் திரையில் ஒன்றாம் எண்ணைத் தேடிப் போனதைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. அம்மை போட்டு மூன்று வாரம் கழித்து வந்த பையனுக்கு இவள் பார்க்கும் கதையில் எங்கே இடம்?

ஒன்றை நானே தொட்டேன். பத்து நிமிஷத்துக்குள் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "மாமா, இதே ஓட்டம் இப்பதான் வந்துச்சு. பின்னாடி மட்டும் மாத்திட்டாங்க." ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். செல் தாளையும் கோப்பு போட்ட அசைவுகளையும் ஆர்கோ மார்பில் இருக்கும் எழுத்தையும் சொன்னேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஆர்கோ இடப்பக்கம் பார்ப்பதையும் வலப்பக்கம் பார்ப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு படத்தை விட்டுவிட்டு, எங்கெல்லாம் அதே தாள் வருகிறது என்று எண்ணத் தொடங்கினாள். எட்டு எண்ணினாள். வரைந்தவர்கள் மேல் அவளுக்கு மரியாதை வந்திருந்தது, அது முகத்தில் தெரிந்தது. கதை அவளை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அவள் தம்பி உள்ளே வந்தான். நான்கு வயது. கையில் பாதி கடித்த முறுக்கு. யார் இது, என்ன கதை, முன்னால் என்ன நடந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. டேப்லெட்டுக்கும் எனக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். ஆடம் முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனான், கோட்டை வந்தது, மின்னல் வந்தது. பையன் மெல்லுவதை நிறுத்தினான்.

அடுத்த அத்தியாயத்தில் ஆடம் மறுபடி முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனபோது, முறுக்கு ஏற்கெனவே உயர்ந்திருந்தது.